தாய்லாந்து–சிங்கப்பூர், கனடா–அமெரிக்கா, நெதர்லாந்து–ஜெர்மனி: கஞ்சா விஷயத்தில் எந்த எல்லை எப்படி?

"அங்கே லீகல்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று வெளிநாட்டுப் பயணம் கிளம்புபவர்கள் யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. ஒரு நாட்டில் கஞ்சாவைக் கடை போட்டு விற்கிறார்கள் என்பது அந்த நாட்டுக்குள் நிற்கும்வரைதான் செல்லுபடி. அங்கிருந்து எங்கே போகிறோம், எந்த நாட்டு பாஸ்போர்ட் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துதான் ஆபத்தை அளக்க வேண்டும். அதனால் நாடு நாடாக அல்லாமல், மக்கள் அதிகம் கடக்கும் எல்லைகளை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்கிறேன்.

இருப்பதிலேயே லேசானது நெதர்லாந்து–ஜெர்மனி. நெதர்லாந்தில் 1976 முதல் நடப்பது அனுமதி அல்ல, கண்டும் காணாமல் விடுவதுதான். சட்டப்படி குற்றம், ஆனால் காபி ஷாப் என்ற பெயரில் கஞ்சா விற்கும் கடையில் ஒருவருக்கு 5 கிராம் வரை விற்றால் வழக்குப் போடமாட்டார்கள். அதிலும் எல்லையோர ஊரான மாஸ்ட்ரிக்டில் உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் விற்பனை. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் 25 கிராம் வைத்திருக்கலாம் என்று சட்டமே போட்டுவிட்டது. சரி, இங்கே வாங்கி அங்கே கொண்டுபோகலாமா என்றால், கூடாது. நடுவில் சோதனைச்சாவடி இல்லாவிட்டாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோவது இறக்குமதிக் குற்றம்தான்.

கனடா–அமெரிக்கா பார்க்க இதைவிடச் சுலபமாகத் தெரியும், அங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் சட்டபூர்வம். 30 கிராம் வரை வைத்துக்கொண்டு டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு விமானத்திலேயே போகலாம். நயாகராவில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலம், அங்கும் 2021 முதல் அனுமதி உண்டு. இரண்டு கரையிலும் தடை இல்லை, ஆனால் பாலத்தின் முனையில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பவர் நியூயார்க் மாநில அதிகாரி அல்ல, மத்திய அரசின் அதிகாரி, அவருக்கு மத்தியச் சட்டப்படி கஞ்சா இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், "முன்பு பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டால் நுழைவு மறுக்கப்படலாம், அதற்கப்புறம் உள்ளே போக விலக்குக்கு விண்ணப்பித்து அலைய வேண்டிவரும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

அமெரிக்காவிலேயே எச்1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கடைக்குப் போய் ரசீதோடு வாங்கியிருந்தாலும், அது குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக் கேள்வியாக வந்து நிற்கும். குடியேற்றத் துறை 2019இல் இதை எழுத்திலேயே சொல்லிவிட்டது.

இனி தாய்லாந்து. 2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள், பாங்காக், புக்கெட், பட்டாயா என்று தெருவுக்குத் தெரு பச்சை இலைப் பலகைகள் முளைத்தன. உலகம் முழுக்கப் பரவிய செய்தி இதுதான். பரவாத செய்தி என்னவென்றால், போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி 0.2 சதவீதத்துக்கு மேல் உள்ள சாறு அப்போதும் போதைப்பொருளாகவே இருந்தது, பொது இடத்தில் புகைத்து அடுத்தவருக்குத் தொல்லை கொடுத்தால் 25,000 பாட் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கும் மருத்துவரின் சீட்டு கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். மூன்று வருடப் பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அங்கிருந்து தெற்கே தரைவழியாக இறங்கினால் மலேசியா. 200 கிராம் அல்லது அதற்கு மேல் பிடிபட்டால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். 2023 ஜூலை வரை கடத்தலுக்குத் தூக்கு கிட்டத்தட்டத் தவிர்க்க முடியாதது. இப்போது நீதிபதி தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். இதைத் தளர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே. முன்பெல்லாம் விமானத்தில் நிரப்பித் தரும் குடிநுழைவு அட்டையிலேயே, போதைப்பொருள் கடத்துவோருக்கு மரணம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 15 கிராமைத் தாண்டினால் விற்பதற்காக வைத்திருந்தார் என்று அனுமானம், இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு. 500 கிராமுக்கு மேல் கடத்தினால், சில குறுகிய விலக்குகள் தவிர, தூக்கு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாங்காக்கிலேயே புகைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும் தப்ப முடியாது. வெளிநாட்டில் உட்கொண்டதும் உள்நாட்டில் உட்கொண்டதாகவே கணக்கு, 10 ஆண்டு வரை சிறை, 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். சாங்கி விமான நிலையத்திலும் மலேசிய எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலும் எச்சிலையோ சிறுநீரையோ சோதிப்பார்கள்.

சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையாவை மறக்க முடியவில்லை. 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள். 1,017.9 கிராம் கஞ்சா கடத்தச் சதி செய்தார் என்பது வழக்கு. அந்தப் பொட்டலத்தை அவர் கையால் தொட்டதாக வழக்கே இல்லை, தொலைபேசி எண்கள்தான் அவரை அதோடு இணைத்தன. வாக்குமூலம் எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் தரப்படவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு கிலோ கஞ்சாவுக்கு ஓர் உயிர் என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் பயணம் போகிறவர் என் எண்ணத்தை அல்ல, அங்கே நடைமுறையில் இருக்கும் சட்டத்தைத்தான் எதிர்கொள்வார்.

பாங்காக்கிலிருந்து சென்னைக்குத் திரும்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் வரும் நுனிதான், தனி இலை அதில் வராது, அதனால்தான் சில மாநிலங்களில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு கடையில் கிடைக்கிறது. ஆனால் பாங்காக்கிலிருந்து வரும் 'ஹைட்ரோபோனிக்' (மண் இல்லாமல் நீரில் வளர்த்த) சரக்கு முழுக்கப் பூ. அந்தச் சட்டம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது, சிங்கப்பூர் மாதிரி விமான நிலையத்தில் எச்சில், சிறுநீரைச் சோதிப்பதில்லை, அவ்வளவுதான்.

சென்னை விமான நிலையத்தில் இந்தச் சரக்கோடு திரும்பத் திரும்பப் பிடிபடுவது பெரும்பாலும் குருவிகள், அதாவது காசுக்காக அடுத்தவர் சரக்கைச் சுமந்து வருபவர்கள். டிக்கெட், ஓட்டல் எல்லாம் இலவசம், வரும்போது இந்த சாக்லேட் பாக்கெட்டையும் நூடுல்ஸ் பாக்கெட்டையும் மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் கையில் காசு என்று சொல்லி, வேலை இல்லாத பையன்களைப் பிடிக்கிறார்கள். காற்றுப் புகாமல் ஒட்டிய உறைக்குள் இருப்பது என்ன என்று சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்தில் தொடக்கம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெட்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் முதலில் உள்ளே போவார், அனுப்பியவன் அடுத்த பையனைத் தேடிக்கொண்டிருப்பான்.