அல்மாத்தியில் கொரியச் சாப்பாடு: எதைக் கடையில் வாங்கலாம், எதை வீட்டில்தான் செய்யணும்

கஜகஸ்தானின் அல்மாத்தியில் கொரியச் சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள் போனாலும் சாலட் கவுன்டரில் 'கொரிய சாலட்' வரிசையாக இருக்கும். சியோல் சீரியல்களைப் பார்த்துப் பழகிய நாக்கோடு வருகிறவர்களுக்கு முதல் வாயிலேயே சப்பென்று ஆகிவிடும். வினிகர், பூண்டு, காரட், தூக்கலாக மல்லி விதை. 'இது கொரியாவே இல்லை' என்று அதோடு ஒதுக்கிவிடுகிறார்கள். வருஷக்கணக்காக இந்த ஊரில் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் கணக்கு வேறு. இங்கே இரண்டு கொரியச் சமையல் இருக்கிறது, இந்த ஊரிலேயே பல தலைமுறையாக வாழும் கொரியர்களுடையது ஒன்று, தென்கொரியாவுடையது இன்னொன்று. இரண்டுமே அசல். ஒன்றின் கடையில் போய் இன்னொன்றைக் கேட்பதுதான் பிரச்சினை.

1937-ல் ஸ்டாலின் அரசு சோவியத் தூரக் கிழக்கில் இருந்த சுமார் 1.7 லட்சம் கொரியர்களை ரயிலில் ஏற்றிக் கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டது. அல்மாத்திக்கு வடக்கே உள்ள உஷ்தொபே, அவர்கள் முதலில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று. கோர்யோ-சாராம் என்று சொல்லப்படும் அவர்களுடைய சந்ததியினர் கஜகஸ்தானில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். முன்னோர்களில் பெரும்பாலோர் கொரியாவின் வடகோடியான ஹம்கியோங் பகுதிக்காரர்கள். சியோல் பக்கத்து மிளகாய் விழுதான கொச்சுஜாங்கின் இனிப்புக் கலந்த காரம் அவர்கள் அடுப்படியில் பெரிதாக இல்லை. டொக்பொக்கி (காரச் சாஸில் அரிசிக் கேக்), சம்கியோப்சல் (சுட்ட பன்றி வயிற்றுக்கறி) எல்லாம் தென்கொரியா பின்னாளில் பரப்பியவை. பஜாரில் சாலட் விற்கும் அம்மாவிடம் போய் டொக்பொக்கி நன்றாக இல்லை என்று குறைப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

முதலில் பஜார். ஜிபெக் ஜோலி மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரத்தில் கோக் பஜார். ரஷ்யனில் ஜெல்யோனி பஜார் என்பார்கள். திங்கட்கிழமை கதவு சாத்தியிருக்கும். கொரிய சாலட் வரிசையில் எவர்சில்வர் தட்டுகளில் மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டால் சுவை பார்க்கக் கொஞ்சம் தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். 200 கிராம்கூட நிறுத்துத் தருவார்கள்.

அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது துபு, அதாவது டோஃபு. தண்ணீரில் மிதக்கிற கட்டி, பாக்கெட்டில் வருவதைவிட இறுகலாக, சோயாவின் மணத்தோடு இருக்கும். காலையில் போக வேண்டும். ஜூலை வெயிலில் மதியத்துக்குள் புளிப்பு வாடை தட்டிவிடும். கட்டியைத் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பு இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் புதுத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் மூன்று நாள் தாங்கும்.

அடுத்தது ட்யாய். தென்கொரியர்கள் தோயென்ஜாங் என்கிற அதே சோயா விழுது, வீட்டில் புளிக்க வைத்தது, பிளாஸ்டிக் டப்பாவில் விற்பார்கள். நிறம் கருப்பு, மணம் முரட்டு, உப்பு அதிகம். சமையல் குறிப்பில் 2 மேசைக்கரண்டி தோயென்ஜாங் என்று இருந்தால் இதில் ஒன்றரை போதும். சுவை பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம். ஃபேக்டரி விழுதைக் கடைசியில் கரைத்தால்தான் மணம் நிற்கும். இது அப்படி இல்லை, 15 முதல் 20 நிமிஷம் கொதித்தால்தான் முரட்டுத்தனம் அடங்கும். காய்ந்த கோஸ் இலையும் பன்றிக்கறியும் போட்டு இதில் வைக்கும் சிராக்-ட்யாமுரி என்ற குழம்பை சியோல் ரெஸ்டாரன்ட்டுகளில் இதே மாதிரி எளிதில் பார்க்க முடியாது. இந்த ஊரில் சாப்பிட வேண்டிய ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

'கொரிய ஸ்பார்ஜா' என்ற பெயரில் காய்ந்த மஞ்சள் குச்சிகள் கிடைக்கும். ஃபூஜு என்றும் சொல்வார்கள். பெயரைப் பார்த்து ஆஸ்பராகஸ், அதாவது தண்ணீர்விட்டான் குடும்பத்துக் காய் என்று நினைக்க வேண்டாம், சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடைதான். இதில் எல்லோரும் இடறுவது ஊறவைப்பதில். அவசரத்துக்குக் கொதிநீர் ஊற்றினால் வெளியே குழைந்து, மடிப்புக்குள் ரப்பர் போல நிற்கும். பச்சைத் தண்ணீரில் 8 மணி நேரமாவது, குளிர்காலத்தில் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். பிறகு நறுக்கிப் பிழிந்து, உப்பு, சர்க்கரை, வினிகர், பூண்டு போட்டு, சூடான எண்ணெயை மேலே ஊற்றி 3 மணி நேரம் விட வேண்டும்.

காரட் சாலட்டும், அதாவது மோர்கோவ்சாவும், அதே வழிதான். 1 கிலோ காரட்டை நீள நீளமாகச் சீவ வேண்டும். இதற்கென்றே தனி சீவுபலகை பஜாரில் விற்கிறது, வட்டத் துருவலில் துருவினால் கூழாகிவிடும். 2 தேக்கரண்டி உப்பு, ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை போட்டுப் பிசறி 20 நிமிஷம் வைத்துத் தண்ணீரை வடிக்கணும். 3 மேசைக்கரண்டி 9 சதவீத வினிகர். நசுக்கிய பூண்டு 5 பல், இடித்த மல்லி விதை ஒரு தேக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி, இவற்றை நடுவில் குவித்து, வெங்காயம் சிவக்க வறுத்து எடுத்த 80 மி.லி. எண்ணெயை அதன் மேல் ஊற்ற வேண்டும். எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும்போது ஊற்றினால் மிளகாய் கருகிக் கசக்கும். அடுப்பை அணைத்து ஒரு நிமிஷம் பொறுத்து ஊற்றுங்கள். ஓர் எச்சரிக்கை: கடைகளில் 70 சதவீத வினிகர் எஸன்ஸும் அதே மாதிரிச் சின்ன பாட்டிலில் இருக்கும். அதைக் கரண்டிக் கணக்கில் நேராக ஊற்றினால் வாய் வெந்துபோகும். 1 பங்கு எஸன்ஸுக்கு 7 பங்கு தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் வரும்.

ஹே என்ற பச்சை மீன் சாலட்டை மட்டும் தொட வேண்டாம். ஆற்று மீனில் செய்கிறார்கள், வினிகர் ஒட்டுண்ணியைக் கொல்லாது. கல்லீரலில் தங்கும் புழு மத்திய ஆசியாவில் வெறும் பயமுறுத்தல் இல்லை. ஃபூஜுவில் செய்த ஹே கிடைக்கும், சுவை அதேதான்.

குக்சி சாப்பிடப் போகிறவர்கள் நெங்மியோன் என்ற கொரியக் குளிர் நூடுல்ஸை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. இது மெல்லிய கோதுமை நூடுல்ஸ். சோயா சாஸ், வினிகர், சர்க்கரை சேர்ந்த குளிர்ந்த புளிப்புச் சாறு. மேலே வெங்காயத்தோடு வதக்கிய மாட்டிறைச்சி, வெள்ளரி, கோஸ், ஆம்லெட் கீற்று தனித்தனிக் குவியலாக வரும். பாதி சாப்பிட்ட பிறகு மிளகாய் விழுதைக் கரைத்துக்கொண்டால் இன்னொரு சாப்பாடு மாதிரி இருக்கும். நூடுல்ஸ் குழைந்து வந்தால் முன்பே வேகவைத்துக் குவித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மதியம் கூட்டம் உள்ள கடையில் அந்தத் தொல்லை குறைவு. ஆவியில் வேகவைத்த பிகோதி என்ற கோஸ்-இறைச்சி பன் வழியில் வாங்கிக் கடிக்கச் சரியான சாமான், ஆறிப்போனால் தோல் போல ஆகிவிடும்.

இனி கிம்ச்சி, அதாவது காரமாகப் புளிக்க வைக்கும் கோஸ். இதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள், காரணம் கைப்பக்குவம் இல்லை, கோஸ்.

இங்கே பெகின்ஸ்கயா (சீனக் கோஸ்) என்ற பெயரில் சூப்பர்மார்க்கெட்டில் வருவது பிளாஸ்டிக் சுற்றிய, 1 கிலோவுக்கு உட்பட்ட சின்னக் கோஸ். இலை மெல்லிசு, தண்ணீர் அதிகம். கொரியக் குறிப்புகள் 2.5 முதல் 3 கிலோ எடையுள்ள தடித்த கோஸுக்கு எழுதப்பட்டவை. அந்த உப்புக் கணக்கையும் நேரத்தையும் அப்படியே போட்டால் கோஸ் துவண்டு, உப்பு கரித்து, ஒரு வாரத்தில் குழகுழவென்று ஆகும். அக்டோபர் கடைசியில் பஜாருக்கு உள்ளூர்ப் பெரிய கோஸ் வரும், வருஷத்துக்கான கிம்ச்சியை அப்போதே போடுவது உத்தமம். மற்ற மாதங்களில் சின்னக் கோஸ் 2 கிலோவுக்கு 160 கிராம் கல்லுப்பு. கரண்டியில் அளக்காமல் தராசில் நிறுங்கள், பொடியுப்பு ஒரு கரண்டியில் எடை கூடுதலாக நிற்கும். பாதி உப்பை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கோஸை முக்கி, மீதியைத் தண்டுப் பக்கம் மட்டும் தடவ வேண்டும். மணிக்கொருமுறை புரட்டி மூன்றரை மணி நேரம். தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். இரண்டு முறை அலசி, கவிழ்த்து வைத்து 2 மணி நேரம் வடிய விடுங்கள். வடிய விடாமல் அவசரப்பட்டால் டப்பா முழுக்கச் சிவப்புத் தண்ணீர்தான்.

விழுதுக்கு: 2 மேசைக்கரண்டி அரிசி மாவை ஒன்றரைக் கப் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்தது, கொச்சுகாரு மிளகாய்ச் செதில் 80 முதல் 100 கிராம், மீன் சாஸ் 80 மி.லி., பூண்டு 60 கிராம், இஞ்சி 10 கிராம், குச்சியாக நறுக்கிய முள்ளங்கி 300 கிராம், வெங்காயத்தாள் 100 கிராம், துருவிய ஆப்பிள் கொஞ்சம். தாய்லாந்து மீன் சாஸ் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. முள்ளங்கிக்கு மார்கெலான் என்கிற பச்சை ரகம் பஜார் முழுக்க இருக்கும். தைக்கோன் என்ற வெள்ளை முள்ளங்கியைவிடக் காரம், தண்ணீர் குறைவு, கக்துகி என்ற முள்ளங்கிக் கிம்ச்சிக்கு இதுவே மேல். ஆப்பிளுக்கு இந்த ஊரில் சொல்லவா வேண்டும், அபோர்ட் என்றால் பெரிய பழம், கால்வாசி போதும்.

மிளகாயில் சமரசம் கூடாது. பஜார் மிளகாய்த் தூள் விதையோடு அரைத்தது, காரம் ஏறும், நிறம் செங்கல் போல மங்கும். இங்கே மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவரும் தூளும் மிக நைசு, கிம்ச்சி சேறாகிவிடும். கொச்சுகாரு தீர்ந்துபோனால் பியாட்கி மிளகாயை விதை தட்டி மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிக் கரகரப்பாக எடுக்கலாம், ஓரளவு ஒப்பேறும். நல்லெண்ணெயும் அப்படித்தான், கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, நம்முடையதை ஊற்றினால் அந்த மணம் வராது. நெத்திலிக் கருவாடு மட்டும் கைகொடுக்கும். தலையும் வயிறும் நீக்கி, 10 நிமிஷம் ஊறவைத்து உப்பை இறக்கி, வெறும் சட்டியில் வறுத்துக் கொதிக்கவிட்டால் சாறு கிடைக்கும்.

புளிக்க வைப்பதில் இன்னொரு தொல்லை. அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மத்திய வெப்பமூட்டல் ஓடும். பழைய சோவியத் கட்டடங்களில் ரேடியேட்டரைக் குறைக்க வழியில்லை, வீட்டுக்குள் 25 டிகிரி. குறிப்பில் சொன்னபடி 2 நாள் வெளியே வைத்தால் முடிந்தது கதை. 12 முதல் 18 மணி நேரம் போதும், குமிழி வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடி அடைத்த பால்கனி நவம்பரிலும் மார்ச்சிலும் கிம்ச்சி ஃபிரிட்ஜ் மாதிரியே வேலை செய்யும். ஜனவரியில் உறைந்துவிடும், உறைந்து இளகிய கிம்ச்சி துவண்டு போகும், ஜிகே என்ற கிம்ச்சிக் குழம்புக்குத்தான் ஆகும்.

கடையில் டப்பா கிம்ச்சி வாங்கினால் உட்பொருள் பட்டியலில் உக்சுஸ், அதாவது வினிகர், இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் புளிக்க வைத்தது இல்லை. மல்லி விதை இருந்தால் கோர்யோ-சாராம் முறை. அது தப்பில்லை, ஜிகேவுக்கு மட்டும் ஒத்துவராது.

அரிசி சுலபம். பிலாவ் அரிசியும் பாஸ்மதியும் ஒட்டாது, கிம்பாப் (கடற்பாசியில் சுற்றிய சோற்று ரோல்) வெட்டும்போதே உதிரும். க்ருக்லோஜ்யோர்னி என்று எழுதிய உருண்டை அரிசி எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் கழுவி 30 நிமிஷம் ஊறவைத்து, 1 கப்புக்கு 1.1 கப் தண்ணீர். ஊர் கடல் மட்டத்திலிருந்து 700 முதல் 900 மீட்டர் உயரம், தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடிய பானையில் வழக்கத்தைவிட 2, 3 நிமிஷம் கூட விடுங்கள்.

இறைச்சியில், கோக் பஜாரில் பன்றிக்கறிக்குத் தனிப் பகுதி உண்டு. க்ருதீன்கா, அதாவது வயிற்றுக்கறி, கேட்டு, தோலும் எலும்பும் எடுக்கச் சொல்லி, 2 மணி நேரம் ஃபிரீசரில் இறுக்கி 6 மி.மீ. கனத்தில் வெட்டினால் சம்கியோப்சல் தயார். மாட்டிறைச்சி மேய்ச்சல் மாடு, கொழுப்பு குறைவு, இறுகல். புல்கோகிக்கு (ஊறவைத்துச் சுடும் மெல்லிய மாட்டிறைச்சி) நாருக்குக் குறுக்கே 2 மி.மீ. கனத்தில் சீவி, 600 கிராமுக்குப் பாதி ஆசியப் பேரிக்காய் துருவிப் போட்டு 3 மணி நேரம் ஊறட்டும். பேரிக்காய் இல்லாமல் கிவி போட்டால் ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம், அதற்கு மேல் கறி மாவாகும்.

தென்கொரியக்காரர்கள் நடத்தும் ரெஸ்டாரன்ட்டுகள் ஊரில் நிறைய. அடையாளம் காண மெனுவைப் பார்த்தால் போதும். அதே பக்கத்தில் மத்திய ஆசியச் சாப்பாடான லக்மானும் மாந்தியும் இருந்தால் சியோல் எதிர்பார்க்காதீர்கள். கேட்காமலே பன்ச்சான் என்ற தொட்டுக்கொள்ளும் பதார்த்தக் கிண்ணங்கள் வந்து, தீர்ந்தால் காசில்லாமல் நிரப்பினால் சரியான இடம். கிம்ச்சிக்குத் தனிக் காசு போட்டிருந்தால் யோசிக்கலாம். வரைபட ஆப்பில் புகைப்படங்களைப் பாருங்கள், ஹங்குல் என்ற கொரிய எழுத்தில் கையெழுத்து மெனு சுவரில் தெரிந்தால் நம்பிப் போகலாம்.

ராம்யோன், அதாவது இன்ஸ்டன்ட் நூடுல்ஸுக்கு ஒரு வார்த்தை. எங்கும் கிடைக்கும் தோஷிராக், கொரியக் கம்பெனி ரஷ்யாவில் செய்வது, அந்த ஊர் நாக்குக்கு ஏற்ற மிதமான காரம். கொரியாவில் செய்த பாக்கெட் என்றால் முகப்பு முழுக்க ஹங்குல் இருக்கும், பின்னால் ரஷ்ய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 2024 முதல் சி.யு. என்ற தென்கொரியச் சிறு கடைத்தொடரின் கடைகள் அல்மாத்தியில் திறந்திருக்கின்றன. முக்கோண கிம்பாப், ராம்யோன், நொறுக்குத்தீனிக்கு அது வசதி. கொச்சுஜாங், கொச்சுகாரு, எள்ளெண்ணெய், உப்பு இறால், காய்ந்த நெத்திலி ஆகியவற்றுக்குத் தனிக் கொரிய மளிகைக்கடைதான். கொச்சுகாருவையும் நெத்திலியையும் வாங்கியதும் ஃபிரீசரில் போடுங்கள், அல்மாத்தியின் உலர் காற்றிலும் ஆறு மாதத்தில் நிறம் போய்விடும்.

எங்கே தேடியும் சிக்காதது கேன்னிப், அதாவது பெரில்லா இலை. விதை வாங்கி ஏப்ரல் கடைசியில் தொட்டியில் தூவுங்கள். மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே லேசாக அழுத்தி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஜூன் முதல் கீழ் இலைகளைப் பறிக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் பகல் குறுகியதும் பூத்துவிடும், பூத்த செடியின் இலை முரடாகிவிடும், அதற்குள் மிச்சத்தையெல்லாம் பறித்து சோயா சாஸில் ஊறப் போட்டுவிடுங்கள்.