ஐந்து ஏக்கர் நிலமும், தோட்டத்துக்கு ஆகாத கிணறும்

கொலராடோ மாநிலத்தின் தென்கோடியில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் காஸ்டில்லா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஐந்து ஏக்கர் நிலத்தைத் தவணையில் வாங்கி, பதினான்கு மாதம் பணம் கட்டி, ஒரு தக்காளி நாற்றுகூட நடாமல் கைவிட்டு வந்திருக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர், ஊரில் விட்டு வந்த வயலை இங்கே ஒரு துண்டு நிலத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதை அறிவேன். எனக்கு வந்த விளம்பரம் அவர்களுக்கும் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முன்பணம் 500 டாலர், மாதத் தவணை 150 டாலர், கடன் தகுதி பார்க்கப்படாது என்று விளம்பரம் சொன்னது. படத்தில் பச்சைப் புல்வெளியும், அதன் ஓரமாக ஓடும் வாய்க்காலும், பின்னால் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பிளாங்கா சிகரமும் இருந்தன. நான் காவிரியின் கடைமடையில் வளர்ந்தவன்; நிலம் என்றால் முதலில் தண்ணீரைத்தான் கேட்பேன், இங்கும் கேட்டேன். “கிணறு போடத் தடையில்லை” என்று விற்பனையாளர் மின்னஞ்சலில் எழுதியே கொடுத்தார். அந்த வாசகத்தில் பொய் இல்லை என்பதுதான் இந்த ஏமாற்றின் நுட்பம்.

நிலத்தை நேரில் பார்க்காமலே கையெழுத்திட்டது என் தவறு. ஒப்பந்தம் போட்ட ஏழாவது மாதம், மே மாதத்தில், மனைவியுடன் சென்றேன். கைப்பேசி காட்டிய புள்ளியை நம்பி, வரைபடத்தில் மட்டும் சாலையாக இருந்த மணல் தடத்தில் காரை ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது, ஆளுயரம்கூட இல்லாத புதர்களும், சாய்ந்து கிடந்த ஓர் எல்லைக்கட்டையும், நிற்காமல் வீசிய காற்றும்தான் இருந்தன. கொண்டுபோயிருந்த மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தேன். மேலே வெள்ளையாக உப்புப் பூத்த மண், அடியில் கூழாங்கல், ஈரம் என்ற பேச்சே இல்லை. நிலம் இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து 7,500 அடிக்கு மேலே இருக்கிறது. அதன் நடுப்பகுதியில் ஆண்டு மழை சுமார் 7 அங்குலம்தான். வறட்சிக்குப் பேர்போன நம் ராமநாதபுரத்திலும் அதைப்போல் நான்கு மடங்கு பெய்கிறது. உறைபனி இல்லாத காலம் ஏறத்தாழ மூன்று மாதம் என்பதால், கத்தரிக்காய் காய்க்கத் தொடங்கும்போது பனி வந்துவிடும்.

திரும்பும் வழியில், டிரெய்லரில் 275 கேலன் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து நகரத்திலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கிணறு போட எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, செலவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பெர்மிட்டில் என்ன எழுதியிருக்கும் என்று படித்துவிட்டு வா என்றார்.

மாநில நீர்வளத் துறையின் விதிகளை அன்றிரவுதான் படித்தேன். தண்ணீர் முழுவதும் ஏற்கெனவே உரிமை கொண்டாடப்பட்டுவிட்ட ஆற்றுப் படுகைகளில், என் மனை இருக்கும் ரியோ கிராண்டே படுகையும் அவற்றில் ஒன்று, 35 ஏக்கருக்குக் குறைந்த மனைக்குக் கிடைக்கும் கிணற்று அனுமதி பொதுவாக ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வகையைச் சேர்ந்தது. அந்தக் கிணற்று நீரில் சமைக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு கீரைப் பாத்திக்கும் ஊற்றக் கூடாது, கோழிக்கும் ஆட்டுக்கும் வைக்கக் கூடாது. 35 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கால்நடைக்கும், ஓர் ஏக்கர் வரை தோட்டத்துக்கும் அனுமதி பெற வழியுண்டு. கூரை மழைநீரைப் பிடித்துச் சமாளிக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அதற்கும் பொதுவான சட்டம் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் என்று அளவு வைத்திருக்கிறது. அந்தச் சலுகையே 2016-இல்தான் வந்தது.

விளம்பரத்தில் இருந்த பசுமை எங்கிருந்து வந்தது என்று பிறகு புரிந்தது. கவுண்டித் தலைநகரான சான் லூயிஸ் 1851-இல் மக்கள் குடியேறிய ஊர். அதைச் சுற்றியுள்ள வயல்களுக்குக் குலேப்ரா ஓடையிலிருந்து பாயும் பொதுவாய்க்கால் 1852-ஆம் ஆண்டின் உரிமை பெற்றது, கொலராடோவிலேயே மூத்த பாசன உரிமை அதுதான். வசந்தத்தில் அந்த வாய்க்கால்களை உழவர்கள் கூடித் தூர்வாருவதைப் படித்தபோது எங்கள் ஊர்க் குடிமராமத்துதான் நினைவுக்கு வந்தது. நமக்குத் தலைமடை, கடைமடை என்பது இடத்தைப் பொறுத்தது. அங்கே ஆண்டைப் பொறுத்தது. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை, அவர் பங்கு தீர்ந்த பிறகே அடுத்தவருக்கு. என் ஐந்து ஏக்கரோ, கடந்த நூற்றாண்டில் மனைகளாகக் கூறுபோட்டு வெளியூர்க்காரர்களுக்கு விற்கப்பட்ட மேட்டு நிலம். அதற்கு வாய்க்காலும் இல்லை, வரிசையில் இடமும் இல்லை.

விற்றவரை அழைத்தேன். “கிணறு போடலாம் என்றுதானே சொன்னேன், விவசாயம் செய்யலாம் என்று எங்கேயாவது எழுதினேனா?” என்று நிதானமாகக் கேட்டார். ஒப்பந்தத்தை மறுபடி புரட்டினேன்: கடைசித் தவணை கட்டும்வரை கிரயப் பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கும், தவணை நின்றால் கட்டிய தொகை திரும்பாது, பிறகு தரப்போவதும் வில்லங்கத்துக்கு அவர் பொறுப்பேற்காத ‘குயிட்கிளெய்ம்’ பத்திரம்தான். மூன்றும் என் கையெழுத்துக்கு மேலே தெளிவாக அச்சாகியிருந்தன. வேறு யாருக்காவது கைமாற்றிவிடலாம் என்று மேலும் சில மாதம் கட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி விற்க முயன்றதால் ஒருவரும் வரவில்லை. மொத்தம் 2,600 டாலர் போனது.

இதே கவுண்டியில் தண்ணீரைத் தொட்டியில் இழுத்துவந்து, செப்டிக் டேங்குக்கு முறையாக அனுமதி வாங்கி, சூரிய மின்சாரத்தில் நிம்மதியாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். வானமும் அமைதியும் தேடி வருபவர்களுக்கு அது நல்ல இடம். பயிரும் ஆடு மாடும் வேண்டும் என்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் மனை எண்ணை வைத்துக்கொண்டு அலமோசாவில் உள்ள நீர்வளத் துறை அலுவலகத்தை அழைத்து, கிணறு உண்டா என்று கேட்காமல், அந்தக் கிணற்று நீரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேளுங்கள். எனக்கு அங்கே பதில் சொன்ன அலுவலர் பொறுமையாகப் பேசினார். அழைப்பு பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

சென்ற வாரம் அதே மனை மீண்டும் விளம்பரத்தில் வந்திருக்கிறது. முன்பணம் 600 டாலராக ஏறியிருக்கிறது. வாய்க்கால் படம் மாறவில்லை, கிணறு போடத் தடையில்லை என்ற வரியும் மாறவில்லை.