வைஃபை விட்டு விட்டு வருகிறதா: அடாப்டரா, புது கார்டா, எக்ஸ்டெண்டரா, கேபிளா?

லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று சொன்னால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். டிரைவரை (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போடு என்பார் ஒருவர். யூஎஸ்பி அடாப்டர் வாங்கு என்பார் இன்னொருவர். ரவுட்டரையே தூக்கிப் போடச் சொல்பவரும் உண்டு. இதில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கான வழி, அவ்வளவுதான். எந்தக் கோளாறு என்று தெரியாமல் வாங்கிய பொருள்தான் மேசை இழுப்பறையில் போய்ச் சேர்கிறது.

அதனால் வழிகளை ஒப்பிடும் முன் ஒரு சோதனை. இரண்டு கமாண்ட் விண்டோக்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இன்னொன்றில் இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கும் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். நல்ல நிலையில் ரவுட்டரிடமிருந்து சில மில்லிசெகண்டில் பதில் வந்துகொண்டே இருக்கும். இணைப்பு திணறும்போது இரண்டையும் பாருங்கள். ரவுட்டர் வரிசை சீராக ஓட, 8.8.8.8 மட்டும் பதில் தராமல் நின்றால் கோளாறு வீட்டுக்கு வெளியே போகும் லைனில் இருக்கிறது, அல்லது ரவுட்டரின் அந்தப் பக்கத்தில். லேப்டாப்புக்கு என்ன வாங்கினாலும் அது தீராது. ரவுட்டர் வரிசையிலேயே 3, 4, 900 என்று எகிறி, அப்புறம் பதிலே வராமல் போனால் சிக்கல் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்ட்ராய்டு போனை அதே வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கேபிளில் லேப்டாப்போடு பொருத்தி யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணைப்பைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தரும் வசதியை) ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இப்போது போன்தான் லேப்டாப்பின் வைஃபை கார்டு. அதே மேசையில் அரை நாள் வேலை பாருங்கள். இணைப்பு அறுந்துபோகவில்லை என்றால் குற்றவாளி லேப்டாப்பின் கார்டு, டிரைவர், ஆன்டெனா மூன்றில் ஒன்று. போனிலும் அறுந்தால் ரவுட்டரையோ அந்த இடத்துச் சிக்னலையோ பார்க்க வேண்டும். பல வீடுகளில் இந்தச் சோதனைக்குக் காசே செலவாகாது, எக்ஸ்டெண்டர் (சிக்னலை வாங்கி மேலும் தூரத்துக்குப் பரப்பும் பெட்டி) வாங்கும் செலவும் மிச்சமாகும்.

காசில்லா வழிகள்: டிரைவர், மின்சேமிப்பு, பேண்ட்

டிரைவரைச் சந்தேகிக்க நல்ல காரணம், தொல்லை ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருப்பது. அப்படியானால் புதியதைத் தேடுவதைவிட டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்புவது முதலில். பேட்டரியில் ஓடும்போது மட்டும், அல்லது ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் தொல்லை என்றால் மின்சேமிப்புப் பக்கம் பாருங்கள். அதே டிவைஸ் மேனேஜரில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடலாம். சில புதிய லேப்டாப்களில் அந்த அனுமதி உள்ள பக்கமே காட்டாது. லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினால் மின்சேமிப்பு நின்றுவிடும். இதில் நிறைய நேரம் போட வேண்டாம். பத்து நிமிட வேலை, சரியானால் சரி, இல்லையென்றால் அடுத்தது.

பேண்ட், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை, விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் நடைமுறையில் 1, 6, 11 என மூன்றே. பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள், ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெரிகின்றன. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகியதும் வைஃபை தள்ளாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த யூஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேல்தான் விழுகிறது. டிஸ்க்கை நீளக் கேபிளில் தள்ளி வைத்தாலே சில வேளை சரியாகிவிடும்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், சுவரைத்தான் தாண்ட மாட்டேன் என்கிறது. அதற்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் பல நாடுகளில் ரேடாரும் பயன்படுத்துபவை. ரேடார் சிக்னல் காதில் விழுந்தால் ரவுட்டர் அந்த சேனலைக் காலி செய்தாக வேண்டும். அதே வகை வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம். வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்து, ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் திரும்பினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சேனலை 36 முதல் 48க்குள் நிரந்தரமாக வைத்தால் தீர்ந்தது.

இரண்டில் எது? நீங்கள் உட்காரும் இடத்தில் சிக்னலை அளந்து பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் எண் தெரியும். சிக்னல் பலத்தைச் சொல்லும் இந்த எண் (டிபிஎம்) பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது: -50 டிபிஎம் அருமை, -67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும், -75ஐத் தாண்டினால் திணறும். 5 கிகாஹெர்ட்ஸ் -67க்குள் கிடைக்கிறதா, அதிலேயே இருங்கள். கிடைக்கவில்லையா, 2.4க்குப் போய் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். வேகம் குறைந்தாலும் பேச்சு அறுந்துபோகாது. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்து லேப்டாப் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருந்தால் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. இன்டெல் கார்டுகளில் இப்படித் தாவும் (ரோமிங்) வேகத்தைக் குறைக்கும் அமைப்பும் இருக்கிறது.

காசு போடும் வழிகள்: யூஎஸ்பி அடாப்டரா, உள்ளே புது கார்டா?

டெதரிங் சோதனையில் லேப்டாப்தான் மாட்டியது என்றால் இந்தக் கேள்வி வரும். வாங்கும் முன் லேப்டாப்பின் மூடியைச் சற்று முன்னும் பின்னும் ஆட்டியபடி பிங் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது, அதன் மெல்லிய வயர்கள் கீல் வழியாகக் கீழே கார்டுக்கு வருகின்றன. மூடியின் கோணத்துக்கு ஏற்ப சிக்னல் ஏறி இறங்கினால் வயரில் கோளாறு. புது கார்டு போட்டும் பயனில்லை. இன்னொரு அறிகுறி: ரவுட்டர் பக்கத்தில் நன்றாக ஓடுகிறது, போனில் முழு சிக்னல் காட்டும் அடுத்த அறையில் லேப்டாப் மட்டும் சாகிறது. வயரின் முனை கார்டிலிருந்து கழன்றிருக்கலாம். லேப்டாப்பை ஒருமுறை திறந்து பழுது பார்த்த பிறகு தொடங்கிய தொல்லை என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். அழுத்திப் பொருத்தினால் முடிந்தது.

வயர் சரி, கார்டுதான் மோசம் என்றால் உள்ளே மாற்றுவதே என் தேர்வு. ஆன்டெனா ஏற்கெனவே பெரிதாக, நல்ல இடத்தில் இருக்கிறது. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. எம்.2 2230 அளவுக் கார்டு, ஒரு ஸ்க்ரூ, இரண்டு வயர். வயர் முனைகளை நேராக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் உடையும். பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். சிக்கல் வாங்கும்போதுதான்: இன்டெல் ஏஎக்ஸ்201 என்ற கார்டு குறிப்பிட்ட இன்டெல் தலைமுறை லேப்டாப்களில் மட்டுமே வேலை செய்யும், ஏனென்றால் அதன் வேலையில் பாதி ப்ராசஸர் பக்கத்துச் சிப்பில் நடக்கிறது. பெயரில் ஒட்டி நிற்கும் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்குபவை, ஏஎம்டி லேப்டாப்களிலும் ஓடும். பழைய லேப்டாப்கள் சிலவற்றில் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருள்) தனக்குப் பழகிய கார்டுகளை மட்டுமே ஏற்கும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் கார்டு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்தப் பேச்சே இல்லை.

அந்த மாதிரி லேப்டாப்புக்கும், வாரண்டி இருப்பதைத் திறக்க விரும்பாதவருக்கும் யூஎஸ்பி அடாப்டர். விரல் நகம் அளவு நானோ அடாப்டரை மட்டும் வாங்க வேண்டாம். ஆன்டெனா துளியூண்டு, சூடாகும், அதுவும் யூஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சலுக்கு நடுவிலேயே உட்காரும். மடக்கும் ஆன்டெனாவும் நீட்டிப்புக் கேபிளும் உள்ளதாகப் பாருங்கள். லினக்ஸ் என்றால் கர்னலிலேயே (அதன் மையப் பகுதியிலேயே) டிரைவர் உள்ள சிப்தானா என்று வாங்கும் முன் உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். செருகியபின் உள் கார்டை முடக்கிவிடவும் மறக்காதீர்கள்.

எக்ஸ்டெண்டர், மெஷ், கேபிள்

எக்ஸ்டெண்டர், போனும் சேர்ந்து திணறும் வீட்டுக்கு மட்டும். அங்கேயும் ஒரே ரேடியோ உள்ளதென்றால் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் வேலையில் வேகம் பாதியாகிறது. சிக்னல் இல்லாத அறையில் வைத்தால் அதுவும் இல்லாத சிக்னலைத்தான் பரப்பும், பாதி வழியில் வைக்க வேண்டும். காசு இருந்தால் மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு) மேல், அதன் பெட்டிகளைக் கேபிளில் இணைக்க முடிந்தால் இன்னும் மேல்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இவை எல்லாவற்றையும்விடக் கேபிள் மேல். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தரும். லேப்டாப்பில் ஈதர்நெட் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி சியில் செருகும் சின்ன அடாப்டர் போதும். கேபிளிலும் ரவுட்டரின் பிங் அறுந்தால் கேபிளை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு ரவுட்டரை மாற்றுங்கள். ரவுட்டர் சீராகப் பதில் சொல்லியும் 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் இணைய சேவை தருபவரைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடும் முன் இரண்டு வரிசைகளும் ஒரே நேரத்தில் தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்பார்கள்.