யூவெர்ஷன் ஆப்பில் காலவரிசைப்படி முழு வேதாகமம்

புது வருஷ ஆராதனையில் வாங்குகிற, ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வேத வாசிப்பை முடித்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேதாகமம் வாசிக்கிற யூவெர்ஷன் ஆப் இலவசம், தமிழ் வேதாகமமும் இருக்கிறது, அதில் காலவரிசைப்படி, அதாவது சம்பவங்கள் நடந்த வரிசையில், ஒரு வருஷத்தில் முழுவதையும் வாசிக்கிற திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 1,189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்று நான்குதான் வரும்.

பெரிய பலனே வரிசைதான். தாவீது ராஜா இன்னொருவன் மனைவியான பத்சேபாள் விஷயத்தில் பாவத்தில் விழுந்து, நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்த 2 சாமுவேல் 12-ஐ வாசித்த கையோடு தாவீது மன்னிப்புக் கேட்கிற 51-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள், அந்த ஜெபத்தின் கனம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். எரேமியா 29:11-ம் அப்படித்தான். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிறது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லுகிற, சுவரில் மாட்டுகிற அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது, அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது! உடனே நடக்கும் என்ற வாக்கு இல்லை அது, ஆனாலும் எனக்கு அது முன்பைவிட இன்னும் பெரிய ஆறுதலாகத்தான் இருக்கிறது.

பலிகளையும் ஆசாரியர்களையும் பற்றிய சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், அப்புறம் எபிரெயருக்கு எழுதின நிருபம் வரும்போது அதெல்லாம் எதற்கென்று புரியும், தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். ஆப்பில் ஒரே குறை, முகப்பில் வரும் இன்றைய வசனம் முன்பின் வசனங்கள் இல்லாமல் தனியாகவே நிற்கிறது. அதைப் பகிர்வதற்கு முன் அந்த அதிகாரத்தைத் திறந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.