கவுண்டி கூட்டம்: மைக்கா, ஜூமா, மின்னஞ்சலா?

அமெரிக்காவில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்றால் சொத்து வரிச் சீட்டு அனுப்பும் இடம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கலிபோர்னியாவில் நாங்கள் இருப்பது எந்த நகராட்சியிலும் சேராத பகுதி. ரோடு போடுவது, ஷெரிஃப் என்கிற போலீஸ், கட்டட அனுமதி எல்லாமே கவுண்டி கையில். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் சாலையைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும் என்று கேட்கப் போனபோதுதான், கேட்பதற்கு நாலு வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு என்று புரிந்தது.

முதலில் நேரில் போவது. கவுண்டியை நடத்த மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் சூப்பர்வைசர்கள். எங்கள் கவுண்டியில் ஐந்து பேர். அவர்கள் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலையில். அரை நாள் லீவு போட்டேன், பார்க்கிங்குக்குக் காசு கட்டினேன், கூட்டத்தின் கிளர்க்கிடம் பேச வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆளுக்கு 3 நிமிடம் என்று போட்டிருந்தது. அன்றைக்கு வேறொரு விவகாரத்துக்காக ஐம்பது பேருக்கு மேல் வந்துவிட்டதால் தலைவர் 1 நிமிடமாகக் குறைத்துவிட்டார். அப்படிக் குறைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்ன விளக்கு. நான் வணக்கம் சொல்லி, எந்தத் தெரு என்று விளக்குவதற்குள் மஞ்சள் வந்துவிட்டது. கையில் வைத்திருந்த இரண்டு பக்கத்தில் முக்கால் பக்கம்கூடத் தாண்டவில்லை.

அதைவிட ஏமாற்றம், நான் பேசி முடித்ததும் ஐந்து பேரும் 'நன்றி' என்று மட்டும் சொன்னது. அலட்சியம் என்று கோபம் வந்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னால் திறந்து நடக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைப் பற்றி நாம் பேசலாம். அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. யோசித்தால் நியாயம்தான். என் சிக்னலை எதிர்க்கிற ஆள் யாராவது இருந்தால், அவருக்கும் முன்கூட்டித் தெரிய வேண்டுமே. ஆக, நிரலில் இல்லாத விஷயத்துக்காக லீவு போட்டுக்கொண்டு போவது பெரும்பாலும் வீண். நிரலில் இருந்தால் கதையே வேறு. அன்றைக்கு ஓட்டெடுப்பு நடக்கும், நிறைந்த அரங்கைப் பார்த்துக்கொண்டே அவர்கள் கை தூக்க வேண்டும். அங்கே தலை எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. 'கன்சென்ட்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் விஷயம் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலிருக்கும் நாற்பது ஐம்பது விஷயங்களை ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள்.

நேரில் போவதில் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால் குறைந்தது இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்று 2016இல் அதே பிரவுன் சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டாம் முறை போனபோது பக்கத்து வீட்டு அம்மா வந்தார். பேரனைத் தினமும் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர். "அந்த முக்கில வண்டி நிக்கிறதே இல்லீங்க, நான் கையைக் காட்டிக்கிட்டே நிக்கிறேன்" என்று தமிழிலேயே சொன்னார், மருமகள் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கையைத் தூக்கிக் காட்டியபோது, அதுவரை கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சூப்பர்வைசர் நிமிர்ந்தார். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் பேசலாம். அந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை.

ஜூம், தொலைபேசி வழி பற்றிச் சொல்ல அதிகமில்லை. லீவு மிச்சம், அவ்வளவுதான். வரிசையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, மியூட்டை எடுக்கத் தடுமாறியதில் என் நேரத்தில் பத்து விநாடி போனது. குரல் மட்டும் வருவதால் கேட்பவர்களிடம் பெரிதாக ஒட்டுவதும் இல்லை. போதாததற்கு, இதைக் குலைக்கவென்றே சிலர் இருக்கிறார்கள். வெறுப்புப் பேச்சு அழைப்புகள் குவிந்ததால் சான் பிரான்சிஸ்கோ சூப்பர்வைசர்கள் 2023இல் தொலைவழிப் பேச்சை நிறுத்தினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு ஜூம் வழி போதும். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மின்னஞ்சலைத்தான் நான் முதலில் குறைத்து எடைபோட்டேன். அதில் 1 நிமிடக் கெடு இல்லை. படம் வைக்கலாம், வரைபடம் வைக்கலாம். கிளர்க்குக்கு நேரத்தோடு அனுப்பினால் அந்த விஷயத்தின் கோப்போடு சேரும். கூட்டத்தன்று காலை அனுப்புவதில் பயனில்லை, அதற்குள் படிக்கிறவர்கள் படித்து முடித்திருப்பார்கள். நிலப் பயன்பாடு, கட்டட அனுமதி போன்றவற்றில் முடிவெடுக்கும் முன் மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணைகளில் இன்னொரு பிடியும் இருக்கிறது. பின்னால் வழக்குப் போட்டால், விசாரணையில் சொன்ன, அல்லது விசாரணை முடிவதற்குள் எழுத்தில் கொடுத்த காரணங்களை மட்டும்தான் எழுப்ப முடியும் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருப்பார்கள். பேச்சில் விட்டுப்போனது எழுத்தில் இருந்தால் பிழைத்தீர்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் கடிதம் பொது ஆவணம். கையெழுத்துக்குக் கீழே வீட்டு முகவரியும் செல்பேசி எண்ணும் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்பட்டவன் நான்.

நாலாவது வழி, உங்கள் வட்டார சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கு நேராகப் போன் போடுவது. சான் பிரான்சிஸ்கோவைத் தவிர மற்றக் கவுண்டிகளில் மொத்தமே ஐந்து சூப்பர்வைசர்கள்தான். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸிலும் அதே ஐந்து. அதனால் சூப்பர்வைசர் கிடைக்கமாட்டார், உதவியாளர் கிடைப்பார். அவர் போதும். ஐந்தில் மூன்று பேர் கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைப் பேசி வைத்துக்கொள்வது சட்டவிரோதம். ஆனால் ஒருவரிடம் நீங்கள் போய்ச் சொல்வதை யாரும் தடுப்பதில்லை. அங்கே விளக்கும் கிடையாது, மணியும் கிடையாது. நான் போனில் இருபது நிமிடம் பேசினேன். ஒரு சிக்னல் நிரலுக்கு வர முதலில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வேண்டும், அதைச் சாலைத் துறையிடம் கேட்க வேண்டும் என்று அந்த உதவியாளர்தான் சொன்னார். இரண்டு தடவை மைக்கில் பேசியும் யாரும் சொல்லாத தகவல் அது.

இப்போது என் வரிசை இது: முதலில் உதவியாளர், விஷயம் நிரலுக்கு வந்ததும் மின்னஞ்சல், ஓட்டெடுப்பு நாளில் நேரில், முடிந்தால் கூட நாலு பேர். எங்கள் முக்கில் போன மாதம் சாலையின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிரலுக்காகக் காத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா ஊருக்கு டிக்கெட் போடுவதைத் தள்ளி வைத்திருக்கிறார்.