போர்க்காயத்தோடு வாழ்பவருக்கு பி.டி.எஸ்.டி கோச் செயலி: எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

அடுத்த டாக்டர் சந்திப்பு வியாழக்கிழமை. வியர்க்க வியர்க்க எழுப்பிவிடும் கனவோ செவ்வாய் இரவு இரண்டு மணிக்கே வந்துவிடுகிறது. நடுவில் கிடக்கும் அந்த நேரத்துக்கென்று செய்யப்பட்டதுதான் பி.டி.எஸ்.டி கோச் என்ற செயலி. போர் போன்ற கொடிய அனுபவம் முடிந்த பிறகும் விடாமல் துரத்தும் மனப்பாதிப்புதான் பி.டி.எஸ்.டி. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் தேசிய பி.டி.எஸ்.டி மையமும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2011-இல் இதை வெளியிட்டன. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. படைவீரர் அல்லாதவரும் இறக்கிக்கொள்ளலாம்.

நல்ல கருவி, தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் இறக்கியது இறக்கியபடியே கிடந்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. இதிலுள்ள பயிற்சிகள் முழு உடம்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கால் இழந்தவர், காது மந்தமானவர், குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி யாராவது அரை மணி நேரம் கூட உட்கார்ந்து சரிசெய்து தர வேண்டும். மனைவி செய்யலாம், நர்ஸ் செய்யலாம், பழைய படைத் தோழரும் செய்யலாம்.

முகப்பில் நான்கு பகுதிகள்: மேனேஜ் சிம்ப்டம்ஸ், ட்ராக் ப்ராக்ரஸ், லேர்ன், கெட் சப்போர்ட். தினமும் கைபோவது முதலாவதில்தான். அதைத் திறந்தால் இப்போது என்ன தொந்தரவு என்று ஒரு பட்டியல் வரும்: பழையது நினைவுக்கு வருகிறது, கோபம், தூக்கமில்லை, எல்லோரிடமிருந்தும் விலகிப்போன உணர்வு என்று நீளும். ஒன்றைத் தொட்டால், தவிப்பு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும். பிறகு ஒரு பயிற்சி. முடிந்ததும் மறுபடி அதே அளவுகோல். பலரும் இந்த இரண்டாவது எண்ணைப் போடாமலே மூடிவிடுகிறார்கள். எந்தப் பயிற்சி இவருக்கு வேலை செய்கிறது என்று காட்டுவது அந்த எண் மட்டும்தான், எனவே விடாமல் போடச் சொல்லுங்கள். 8 என்று இருந்தது 6 ஆனால் போதும். 6-இல் ஒரு மனிதர் வீட்டாரோடு பேச முடியும், மாத்திரை போட்டோமா இல்லையா என்று யோசிக்க முடியும். பூஜ்யம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டே நாளில் வெறுத்துவிடும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, தவிப்பு 9-இல் நிற்கும்போது முதல்முறையாகத் திறப்பது. கை நடுங்கும், எழுத்து கண்ணில் நிற்காது, பட்டியலில் எதைத் தொடுவதென்று தெரியாது. 'இதெல்லாம் எனக்கு ஆகாது' என்று அழித்தும் விடுவார். பயிற்சியைத் தவிப்பு 2, 3 என்று இருக்கும் நேரத்தில் பழக வேண்டும். ஒரே ஒரு பயிற்சி, காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம், இரண்டு வாரம். பிறகு அதைப் பிடித்தவற்றின் வரிசையில் சேர்த்து, செயலியை போனின் முதல் திரையில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள்.

இனி, காயத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியவை. இங்கேதான் அதிக கவனம் வேண்டும்.

தசைத் தளர்வுப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு உறுப்பாக இறுக்கிப் பிடித்து விடச் சொல்லும் குரல், பாதத்தையும் கெண்டைக்காலையும் இறுக்கச் சொல்லும். கால் துண்டிக்கப்பட்டவர் அதைப் பின்பற்றினால் எஞ்சிய காலின் முனையில் சுளுக்குப் பிடிக்கலாம், இல்லாத பாதத்தில் வலி கிளம்பலாம். செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டே செய்தால் சாக்கெட்டுக்குள் (எஞ்சிய கால் பொருந்தும் கிண்ணத்துக்குள்) தசை புடைத்துத் தோல் அழுந்தும். எனவே முதலில் செயற்கைக் காலைக் கழற்றிவிட வேண்டும். தொடக்கத்தில் கை, தோள், முகம் மட்டும் போதும். ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே வீட்டில் ஒருவர் அதே வரிகளை மெதுவாக, கால் வரும் இடத்தை விட்டுவிட்டு வாசிப்பது நல்லது. இல்லாத காலை மனதில் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி சிலருக்கு வலியைக் குறைப்பதும் உண்டு, ஆனால் அதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது தொடங்கட்டும்.

மூச்சுப் பயிற்சியில் சறுக்கல் வேறு விதம். 'ஆழமாக' என்றதும் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விடுவார்கள். அளவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறித் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதுவே பதற்றம் போலத் தோன்றி தவிப்பு ஏறும். இழுப்பதைக் கூட்டாமல் விடுவதை நீட்ட வேண்டும். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் சரி. விலாவில் அடிபட்டவர், நெஞ்சில் குண்டுச் சில்லு தங்கியிருப்பவர் வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். புகையில் மூச்சுத் திணறிய நினைவு உள்ளவருக்கு மூச்சைக் கவனிப்பதே தூண்டுதலாகிவிடும். அவருக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். கண்ணைத் திறந்தபடி சுற்றியுள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்க்கும் கிரவுண்டிங் பொருந்தும்.

கண் மூடுவதும் அப்படித்தான். காவல் நின்று பழகியவருக்கு மூடிய கண் ஓய்வு தராது. முதுகைச் சுவரோடு சேர்த்து, கதவு தெரியும்படி உட்கார்ந்து, தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி செய்தாலும் பலன் குறையாது. ஹெட்போன் இரண்டு காதையும் அடைத்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் உடம்பு விறைத்துக்கொள்ளும், எனவே ஸ்பீக்கரில் வைக்கலாம் அல்லது ஒரு காதில் மட்டும் போடலாம். காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர்களுக்குப் பின்னணி ஒலிகள் இரவில் நன்றாக உதவும். எந்த ஒலி ஒத்துக்கொள்கிறது என்று பகலிலேயே கேட்டுத் தேர்ந்துவிடுங்கள்.

சொந்தப் படங்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கை முதலில் போவது படைப்பிரிவோடு எடுத்த படத்துக்குத்தான். அந்த வரிசையில் திரும்பி வராத ஒருவர் நிற்கிறார். வேண்டாம். பேரப்பிள்ளை, நாய், தோட்டம் என்று போருக்குப் பிந்தைய வாழ்க்கையிலிருந்து எடுங்கள்.

இத்தனையிலும் எங்கள் மதிப்பில் முதலிடம் ஆர்.ஐ.டி என்ற சிறு பயிற்சிக்கு. மூன்றே படிகள்: தளர்த்து (ரிலாக்ஸ்), கண்டுபிடி (ஐடென்டிஃபை), முடிவெடு (டிசைட்). சாலையில் டயர் வெடிக்கிறது, உடம்பு தானாகக் குனிகிறது என்று வையுங்கள். முதலில் சில மூச்சு. அடுத்து, எது தூண்டியது, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? அன்று வண்டிக்குள், தலைக்கவசத்தோடு. இன்று கடை வாசலில், கையில் பை, பக்கத்தில் மகள். கடைசியாக, இப்போது என்ன செய்யப் போகிறோம்: போவதா, சற்று நின்று போவதா? வித்தியாசத்தைச் சொல்லும் அந்த நடுப்படியை வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. தலைக்காயத்தால் நினைவு தடுமாறுபவர் இந்த மூன்று சொற்களை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பயிற்சிகளை இரண்டோடு நிறுத்துவதும் முக்கியம், நீண்ட பக்கங்கள் தலைவலியைக் கிளப்பும். விரல் இழந்தவருக்குச் செயலியின் பயிற்சிகள் பிரவுசரிலும் கிடைக்கின்றன. பி.டி.எஸ்.டி கோச் ஆன்லைன் என்று பெயர், பெரிய திரையில் எளிது.

முன்னேற்றத்தைக் கவனிக்கும் பகுதியில் இருப்பது, பி.டி.எஸ்.டி அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்-5 கேள்வித்தாள். டாக்டர்கள் பயன்படுத்துவதும் இதுவே. 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31 முதல் 33-க்கு மேல் போனால் பி.டி.எஸ்.டி இருக்கலாம், முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. தினமும் போட்டுப் பார்த்து இரண்டு மூன்று புள்ளி ஏறியதற்குக் கலங்குவது வீண். மாதம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் போடுங்கள். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் 6, 7-ஆம் கேள்விகளைப் பாருங்கள், அவை தவிர்ப்பைப் பற்றியவை. கடைத்தெருவுக்கே போகாமல் இருந்துவிட்டால் கனவும் பதற்றமும் குறைந்து மொத்தம் இறங்கியது போல் தெரியும், இந்த இரண்டும் மட்டும் உயரத்திலேயே நிற்கும். இன்னொன்று: தூக்கக் குறைவு, கவனச் சிதறல், எரிச்சல் மூன்றும் மூளைக் காயத்திலும் வரும், தீராத வலியிலும் வரும். எனவே எண்ணோடு சேர்த்துக் காயங்களின் விவரத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆதரவுப் பகுதியில் இருக்கும் அவசர எண் அமெரிக்காவுக்கானது: 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்த வேண்டும். வேறு நாட்டில் இருப்பவர் முதல் நாளே தன் ஊரின் அவசர எண்ணையும், நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். இதை ஒத்திப்போடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பயிற்சி தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நேராக அழைக்க வேண்டும்.

பதிவுகள் போனிலேயே தங்குவது நல்ல விஷயம். ஆனால் போன் தொலைந்தால் அவையும் போகலாம், ஆகவே மாத மதிப்பெண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் எடுத்து விளையாடும் போன் என்றால் திரைப்பூட்டு கட்டாயம்.

இது சிகிச்சைக்கு மாற்று அல்ல. 2017-இல் வெளியான 120 பேர் கொண்ட ஆய்வில், செயலியைப் பயன்படுத்தியவர்களில் குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்களின் பங்கு செயலி இல்லாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட அதிகம். ஆனால் ஆய்வின் முடிவில் இரு தரப்பின் சராசரிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேரைத் தொடுவது பேச்சு சிகிச்சைதான். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2023 வழிகாட்டுதல் முதலில் சொல்வது பி.இ (தவிர்க்கும் நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்வது), சி.பி.டி (நடந்ததைப் பற்றிய எண்ணங்களைச் சரிபார்த்து மாற்றுவது), இ.எம்.டி.ஆர் (கண்ணை அசைத்தபடி நினைவைக் கையாள்வது) என்ற மூன்றையும்தான். தூக்கத்துக்கென்று அடிக்கடி எழுதித் தரப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி-க்கு வேண்டாம் என்றும் அது சொல்கிறது. ஏற்கெனவே அவற்றை எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

குறைகள்: தமிழில் இல்லை. குரல் வழிகாட்டுதல் ஆங்கிலத்தில் இருப்பதால், பதற்றத்தில் தாய்மொழியை மட்டுமே காது ஏற்கும் ஒருவருக்கு அது வெறும் சத்தம். மூச்சு, தசை, கிரவுண்டிங் மூன்றையும் அவர் நம்பும் ஒருவரின் குரலில் தமிழில் பதிவுசெய்து அதே போனில் வைத்தால் அந்தக் குறை பெரிதும் தீரும். பதிவு ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். மற்ற குறையைச் செய்தவர்கள்தான் தீர்க்க முடியும். இடது கால் இல்லை என்று முதல் நாள் ஒருமுறை குறித்துவிட்டால், அதன்பின் இடது பாதத்தை இறுக்கச் சொல்லாத ஒரு குரல் வேண்டும்.