ஐரோப்பிய ஏஐ சட்டத்தைப் படிக்க உதவும் ஓர் இலவச இணையதளம்: ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 113 பிரிவுகளும் 180 முன்னுரைப் பத்திகளும் 13 பின்னிணைப்புகளும் கொண்டது. அதை அரசிதழின் பிடிஎஃப் கோப்பில் படிக்கப் புகுந்தவருக்கு அதன் நீளத்தைவிட அலைச்சலே பெரிய தொல்லையாக இருக்கும். ஒரு பிரிவு ஒரு பின்னிணைப்பைச் சுட்டும், அதில் வரும் ஒரு சொல்லுக்கான வரையறை 3ஆம் பிரிவில் இருக்கும், அப்படி ஏன் வரையறுத்தார்கள் என்ற விளக்கமோ தொடக்கத்தில் எங்கோ ஒரு முன்னுரைப் பத்தியில் கிடக்கும். இந்த அலைச்சலைத் தீர்ப்பதற்காக ஃபியூச்சர் ஆஃப் லைஃப் இன்ஸ்டிடியூட் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் இணையதளத்தின் முக்கியப் பகுதிதான் ‘ஏஐ ஆக்ட் எக்ஸ்ப்ளோரர்’. கட்டணம் கிடையாது, பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை.

ஐரோப்பியச் சட்டம் ஒன்றை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் 2ஆம் பிரிவைத் திறந்து பார்க்கலாம். ஒரு நிறுவனம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும், அது உருவாக்கிய அமைப்பின் வெளியீடு ஒன்றியத்துக்குள் பயன்படுத்தப்பட்டால் சட்டம் அதற்குப் பொருந்தும். வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் மென்பொருளைச் சென்னையில் எழுதி ஜெர்மானிய வாடிக்கையாளருக்கு விற்கும் நிறுவனம் இந்த வரியைக் கடந்துவிட முடியாது. இந்த மதிப்பீட்டுக்கு அந்த மென்பொருளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

மூன்றாம் பின்னிணைப்பின் நான்காவது இனம், ஆட்சேர்ப்புக்கான அமைப்புகளை கூடுதல் கடமைகளுக்கு உட்படும் ‘உயர் அபாயம்’ என்ற பட்டியலில் வைக்கிறது. அங்கிருந்து ஒரு சொடுக்கில் 6ஆம் பிரிவுக்குப் போகலாம். அதன் மூன்றாம் உட்பிரிவில் ஒரு விலக்கு உண்டு: குறுகிய நடைமுறைப் பணியை மட்டும் செய்யும் அமைப்பு, மனிதர் முடித்த வேலையை மெருகேற்றும் அமைப்பு போன்றவை பட்டியலில் இருந்தாலும் உயர் அபாயமாகக் கருதப்பட மாட்டா. ஆனால் தனிநபர்களின் இயல்புகளைத் தரவுகளைக் கொண்டு கணிக்கும் அமைப்புக்கு எந்த நிலையிலும் இந்த விலக்கு இல்லை. பிரிவின் அடியிலேயே தொடர்புடைய முன்னுரைப் பத்திகளுக்கான இணைப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 53ஆம் பத்தியைத் திறந்தால், வந்த ஆவணங்களை வகைபிரித்தல், ஒரே விண்ணப்பம் இருமுறை வந்திருப்பதைக் கண்டறிதல், எழுதி முடித்த ஆவணத்தின் மொழிநடையைச் சீராக்குதல் என்று எடுத்துக்காட்டுகள் வரிசையாக வருகின்றன. நமது சென்னை மென்பொருள் இரட்டை விண்ணப்பங்களைக் களைவதோடு நின்றால் தப்பிக்க வாய்ப்புண்டு, விண்ணப்பதாரர்களை எடைபோட்டுத் தரவரிசைப்படுத்தினால் தப்ப வழியில்லை. பிடிஎஃப்பில் பிற்பகல் முழுவதையும் விழுங்கியிருக்கும் இந்தத் தேடல் இங்கே ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. பிரிவையும் முன்னுரைப் பத்தியையும் இப்படி இணைத்து வைத்திருப்பதற்காகவே இந்தத் தளத்தைப் பரிந்துரைக்கலாம்.

ஒவ்வொரு பிரிவுக்கும் எளிய சுருக்கம் ஒன்றும் தரப்படுகிறது. அது ஏஐ கருவியால் ஆக்கப்பட்டுப் பின்னர் மனிதரால் திருத்தப்பட்டது என்பதையும், சட்டப்படி செல்லத்தக்கதல்ல என்பதையும் தளமே தெரிவித்துவிடுகிறது. ஏஐயைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஏஐயிடமே சுருக்கச் சொல்லியிருப்பது சிரிப்பை வரவழைத்தாலும், ஒளிக்காமல் சொன்னதால் குறையில்லை. ஆனாலும் விலக்குகள் நிறைந்த 6ஆம் பிரிவு போன்ற இடங்களில் சுருக்கத்தோடு நின்றுவிடுவது ஆபத்து.

இணக்கத்தைச் சரிபார்க்கும் கருவியும் உண்டு. நீங்கள் வழங்குநரா, பயன்படுத்துபவரா, இறக்குமதியாளரா, விநியோகஸ்தரா என்று கேட்டுத் தொடங்கி, முடிவில் உங்களுக்குப் பொருந்தும் கடமைகளைப் பிரிவு எண்ணுடன் பட்டியலிடும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் எந்தக் கேள்விகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை அறிய இது போதும். அதற்குமேல் இதை நம்பக் கூடாது, தளமும் அப்படிக் கோரவில்லை.

என் முதன்மையான மனக்குறை வேறு. இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு பேரத்தின் எச்சம், ஆனால் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பேரத்தின் தடமே தெரிவதில்லை. மேலே சொன்ன விலக்கையே பாருங்கள். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட முதல் வரைவில் இப்படி ஒரு விலக்கே கிடையாது, பட்டியலில் இருந்தால் உயர் அபாயம்தான். 2023 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் எடுத்த நிலைப்பாட்டின்படி, விலக்கு வேண்டும் என்பவர் தேசிய கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த அமைப்பு மறுப்பதற்கு 3 மாத அவகாசம் உண்டு. 2024இல் நிறைவேறிய சட்டத்திலோ, நிறுவனம் தானே மதிப்பிட்டு, காரணத்தை எழுதி வைத்து, பொதுத் தரவுத்தளத்தில் பதிந்தால் போதும் என்றாகிவிட்டது. 2025 நவம்பரில் ஆணையம் கொண்டுவந்த, டிஜிட்டல் துறைச் சட்டங்கள் பலவற்றை ஒருசேரத் திருத்தும் ‘டிஜிட்டல் ஆம்னிபஸ்’ முன்மொழிவு அந்தப் பதிவையும் நீக்கச் சொன்னது. தொழில்துறைக்குச் சுமை குறைகிறது என்று ஒரு தரப்பும், வாசலில் நின்ற கடைசிக் காவலையும் எடுக்கிறார்கள் என்று மறு தரப்பும் வாதிடுவது இந்த ஏணியில் இறங்கி வந்த படிகளைப் பற்றித்தான். 6ஆம் பிரிவை மட்டும் படிப்பவருக்கு ஓர் அமைதியான தொழில்நுட்ப விதி கண்ணில் படும், சண்டை படாது. பழைய வரைவுகள் தளத்தில் தனிப் பக்கமாகத் தொகுக்கப்பட்டிருந்தாலும், அவற்றைப் பிரிவுவாரியாக அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி இல்லாததால், ஒப்பிடும் வேலை வாசகர் தலையில் விழுகிறது.

நடத்துபவர் யார் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 மாதிரியைவிட வலிமையான அமைப்புகளுக்குப் பயிற்சி அளிப்பதைக் குறைந்தது 6 மாதம் நிறுத்துமாறு 2023 மார்ச்சில் திறந்த மடல் வெளியிட்டது இந்த நிறுவனமே. ஒரே வேலைக்கென்று இல்லாமல் பல வேலைகளுக்கும் உதவும் பொதுப்பயன் ஏஐ மாதிரிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பிரசல்ஸில் வாதாடியவர்களில் இவர்களும் உண்டு. அந்த மாதிரிகள் குறித்த ஐந்தாம் அத்தியாயம் எளிதில் வந்ததல்ல. பாரிஸின் மிஸ்ட்ரல், ஹைடல்பெர்கின் ஆலெஃப் ஆல்ஃபா போன்ற உள்நாட்டு ஏஐ நிறுவனங்கள் நசுங்கிவிடும் என்ற கவலையில், பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலியும் 2023 நவம்பரில் சட்ட விதிகளுக்குப் பதிலாக நடத்தை நெறிகளே போதும் என்று நின்றன. டிசம்பர் 9இல் எட்டிய உடன்பாட்டில்தான் பயிற்சிக்கான கணக்கீடு, அதாவது கணினி செய்யும் கணிதச் செயல்களின் எண்ணிக்கை, பத்தின் 25ஆம் அடுக்கைத் தாண்டும் மாதிரிகளுக்குக் கூடுதல் கடமை என்ற எல்லைக்கோடு நிலைத்தது. ஒரு கட்சிக்காரர் அச்சிட்ட சட்டநூல் என்றாலும், சட்ட உரையில் சாய்வு எதையும் நான் காணவில்லை. தளத்தை நடத்துவது தாங்களே என்றும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இருப்பினும் கடும் விதிமுறை வேண்டும் என்ற தரப்பின் கையிலிருந்து நூலை வாங்குகிறோம் என்ற நினைவு இருப்பது நல்லது.

அந்த நினைவு உறுத்தினால், ஐரோப்பிய ஆணையமே 2025 அக்டோபரில் தொடங்கிய சேவை மேசை என்ற உதவித் தளத்தை நாடலாம். அங்கும் எக்ஸ்ப்ளோரரும் சரிபார்ப்புக் கருவியும் உண்டு, கேள்வி அனுப்பிப் பதில் பெறவும் வழியுண்டு. ஆனால் விதிகளைத் தளர்த்த முன்மொழிந்ததும் அதே ஆணையம் என்பதால், அதையும் கட்சி சாராத இடம் என்று சொல்லிவிட முடியாது.

தேதிகளைப் பார்க்கையில் எந்தத் தளமானாலும் கவனம் தேவை. தடைசெய்யப்பட்ட பயன்பாடுகளுக்கான விதிகள் 2025 பிப்ரவரி 2 முதலும், பொதுப்பயன் மாதிரிகளுக்கானவை ஆகஸ்ட் 2 முதலும் நடைமுறைக்கு வந்துவிட்டன. உயர் அபாய அமைப்புகளுக்கு மூலச் சட்டம் குறித்தது 2026 ஆகஸ்ட் 2. ஆம்னிபஸ் முன்மொழிவு அதை மூன்றாம் பின்னிணைப்பின் அமைப்புகளுக்கு 2027 டிசம்பர் 2 வரை தள்ளிப்போடக் கேட்டது. ஆகவே எக்ஸ்ப்ளோரரில் ஒரு பிரிவின் தலையில் காணும் தேதியை வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதும் முன், திருத்தம் எந்த நிலையில் உள்ளது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

அதற்கு இதே நிறுவனத்தின் இலவசச் செய்திமடல் உதவும். தொழில் நிறுவனங்களின் கோரிக்கை மடல்களையும் குடிமக்கள் அமைப்புகளின் எதிர்ப்பையும் நாடாளுமன்ற நகர்வுகளையும் அது சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறது. எக்ஸ்ப்ளோரரில் காணாத சண்டை அங்கே கிடைக்கும் என்பதால், சட்டத்தை வேலைக்காகப் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.